பி படிவத்தில் யார் கையெழுத்து?

2016 அக்டோபர் மாதக் கடைசி. தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் வேட்புமனுத் தாக்கல் நடந்துகொண்டிருந்தது. அ.தி.மு.க. பொதுச்செயலாளர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். கட்சி வேட்பாளர்களுக்காக அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய படிவங்களில் கையெழுத்துக்குப் பதிலாக இடது கட்டைவிரல் ரேகை இருந்தது. கூடவே ஒரு மருத்துவரின் சாட்சி. படிவங்கள் ஏற்கப்பட்டன, இரட்டை இலை கிடைத்தது, திருப்பரங்குன்றத்தில் ஏ.கே. போஸ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் நீதிமன்றம் போனார். 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே போஸ் காலமாகியிருந்தார்.

அந்த வழக்கை அன்று நாம் ஜெயலலிதாவின் உடல்நிலை பற்றிய மர்மக் கதையின் ஒரு அத்தியாயமாகவே படித்தோம். ரேகை வைத்தபோது அவருக்கு நினைவிருந்ததா, யார் கையைப் பிடித்தார்கள் என்பதே டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை பேச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு வேறொன்றையும் சொன்னது. லட்சம் பேர் வாக்களித்திருக்கலாம். ஆனால் அந்த லட்சம் பேருக்கு முன்னால் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் பதிய வேண்டியது ஒரே ஒரு கை. அது முறையாகப் பதியவில்லை என்றால் லட்சம் வாக்குகளும் வீண்.

அந்தக் காகிதங்களைக் கொஞ்சம் பார்ப்போம். 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையின்படி ஒரு கட்சி இரண்டு படிவங்கள் தர வேண்டும். யார் வேட்பாளரை அறிவிக்க அதிகாரம் பெற்றவர் என்பதைச் சொல்வது ஏ படிவம். இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்பதைச் சொல்வது பி படிவம். மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை மூன்று மணிக்குள் இரண்டும் போய்ச் சேர வேண்டும். மையால் போட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். கையெழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் நம் சட்டம், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் யார் யார் கூடிப் பேசினார்கள், யாரை எதற்காக ஒதுக்கினார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கட்சிகளைப் பதிவுசெய்யும் 29ஏ பிரிவும் கேட்பதில்லை. உட்கட்சி ஜனநாயகம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது வாக்காளரா, கட்சிக்குள் இருக்கும் சிலரா என்ற கேள்விக்கு ஆகவே நம் ஊரில் விடை எளிது. சிலர்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கட்டுரை அந்த விடையோடு முடியவில்லை. அந்தச் சிலர் தங்கள் பெயரில் தேர்ந்தெடுப்பதில்லை. நம் பெயரில், அதாவது இன்னும் வாக்களிக்காத வாக்காளரின் பெயரில் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்களை ஒதுக்கும்போது இந்தத் தந்திரம் மிக நன்றாக வேலை செய்கிறது. அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வெற்றி வாய்ப்பு.

"பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றில்லை, வெற்றி வாய்ப்பையும் பார்க்க வேண்டும் அல்லவா" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு தேர்தலிலும் ஏதோ ஒரு கட்சியின் ஏதோ ஒரு தலைவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதைச் சொல்பவர் தன்னைப் பெண்களுக்கு எதிரானவராகக் காட்டிக்கொள்வதில்லை. பழியை மக்கள் தலையில் வைத்துவிடுகிறார். எனக்கு ஆட்சேபம் இல்லை, ஊர் ஏற்றுக்கொள்ளாது என்கிறார். சாதியை நியாயப்படுத்துகிறவர்கள் பேசும் அதே நடை இது. ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்று ஊரிடம் கேட்டுப் பார்க்கும் வழியையும் அவரே அடைத்து வைத்திருக்கிறார். ஏனென்றால் பெண் பெயர் சீட்டில் இருந்தால்தானே ஊர் பதில் சொல்ல முடியும்?

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கட்சியின் பெயர் வேண்டாம். எந்தக் கட்சியின் பெயரைப் போட்டாலும் கதை மாறாது. மகளிர் அணியில் இருபது வருடத்துக்கு மேல். ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, அடிபட்ட பெண்ணுக்குத் துணையாகக் காவல் நிலையம் என்று அவர் போகாத அலுவலகம் இல்லை. மூன்று முறை விருப்ப மனு போட்டார். ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டினார். ஒருமுறைதான் நேர்காணலுக்கு அழைத்தார்கள். சென்னை போய் வந்தவரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

"மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாம் அண்ணன்மாருதான். எவ்வளவு செலவு பண்ணுவீங்கன்னாங்க. தொகுதில உங்க ஆளுக எத்தன பேருன்னாங்க. வீட்டுக்காரரு என்ன செய்றாரு, அவருக்குச் சம்மதமான்னாங்க. அவ்வளவுதான். இருவது வருசமா என்னம்மா செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்கல."

அந்த வருடம் சீட்டு, மாவட்டத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் உறவினருக்குப் போனது. அக்காவைச் சமாதானப்படுத்த வந்த நிர்வாகி சொன்ன காரணம்: பொம்பளையை நிறுத்தினால் தொகுதி கையை விட்டுப் போய்விடும் என்று சனம் பேசுகிறதாம். அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார்: "எந்தச் சனம்? நான் அன்னாடம் பாக்குற சனமா?" அவரிடம் பதில் இல்லை. சுயேச்சையாக நிற்கலாமே என்று நான் அப்பாவித்தனமாகச் சொன்னேன். "பத்துப் பேரு கையெழுத்து என்ன, பத்தாயிரம் பேரு போடுவாங்க. ஆனா நான் வளத்த சின்னத்தையே நான் தோக்கடிக்கணுமாக்கும்" என்றார். சின்னத்துக்காக உழைத்தவருக்கே அந்தச் சின்னம் மறுக்கப்படுகிறது. அதை மறுத்தவர்களின் பெயர் எங்கும் பதிவாவதில்லை.

இனி எண்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. நேரடியாக நிறுத்திய 173 வேட்பாளர்களில் பெண்கள் 12 பேர். அ.தி.மு.க.வும் இருபதைத் தொடவில்லை. வென்று உள்ளே போன பெண்கள், எல்லாக் கட்சிகளும் சேர்த்து, 234-இல் 12 பேர். வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருக்கும் மாநிலம் இது. இந்த 12-ஐ மக்கள் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. பெரிய கட்சிகளின் பட்டியல் வெளியான அன்றே இந்த எண்ணின் உச்சவரம்பு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வாக்காளர்கள் அதற்குள் நின்றுதான் தேர்ந்தெடுத்தார்கள்.

பெண்களுக்கு வெற்றி வாய்ப்பு குறைவு என்பதைச் சோதித்துப் பார்க்க முடியாதா? முடியும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். நம் தரப்பில் சிலர், நாடு முழுவதும் போட்டியிட்ட பெண்களில் வென்றவர்களின் சதவீதம் ஆண்களைவிட அதிகம் என்று காட்டுவார்கள். அது வலுவான வாதமல்ல. தேர்தலுக்குத் தேர்தல் டெபாசிட் இழக்கும் ஆயிரக்கணக்கான சுயேச்சைகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்களின் சதவீதம் தானாகவே சரியும். ஒரே கட்சி, ஒரே தேர்தல், ஒரே மாநிலம் என்று எடுத்து, அங்கே ஆண்களும் பெண்களும் எப்படி வென்றார்கள் என்று பார்ப்பதே நேர்மை.

அப்படிப் பார்க்க 2019 மக்களவைத் தேர்தல் இரண்டு வாய்ப்புகளைத் தந்தது. ஒடிசாவில் நவீன் பட்நாயக்கின் பிஜு ஜனதா தளம் 21 தொகுதிகளில் 7 பெண்களை நிறுத்தியது. ஐந்து பேர் வென்றார்கள். அதே கட்சியின் 14 ஆண்களில் வென்றவர்கள் 7 பேர். வென்ற பெண்களில் ஒருவர் பிரமிளா பிசோய். அஸ்கா தொகுதி. சுயஉதவிக் குழுப் பெண்மணி. பணமோ பரம்பரையோ இல்லாதவர். மேற்கு வங்கத்தில் மம்தா பானர்ஜியின் திரிணாமூல் காங்கிரஸ் 42 தொகுதிகளில் 17 பெண்களை நிறுத்தியது. 9 பேர் வென்றார்கள். 25 ஆண்களில் 13 பேர் வென்றார்கள். ஏறக்குறைய சமம். இரண்டு மாநிலக் கணக்கை வைத்துப் பெண்கள்தான் அதிகம் வெல்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெண் என்பதற்காக மக்கள் தோற்கடிப்பார்கள் என்று சொல்லிச் சீட்டு மறுப்பவர், அதற்கான சான்றை இனி அவர்தான் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. பட்நாயக்கும் மம்தாவும் அந்தப் பட்டியலைக் கட்சித் தொண்டர்களிடம் வாக்கெடுப்பு நடத்தித் தயாரிக்கவில்லை. மேலே ஒருவர் முடிவெடுத்தார், கீழே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அதாவது கதவைத் திறந்ததும் அதே ஒற்றைக் கைதான். உள்வட்டம் என்றால் பெண்களுக்கு எதிரி என்று முடித்துவிட முடியவில்லை. ஆனால் ஒருவர் மனமுவந்து கொடுத்ததை அவரே திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும். தமிழ்நாட்டுக்கு இது தெரியும். 1991 தேர்தலில் வென்ற பெண்கள் 32 பேர். அந்த வெற்றிக் கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெயலலிதா. 2011-இலும் வென்ற அணிக்கு அவரே தலைமை. அப்போது அவையில் இருந்த பெண்கள் 17 பேர். கையெழுத்திட்ட கை ஒரு பெண்ணுடையது என்பதால் மட்டும் எண்ணிக்கை கூடவில்லை. தலைமையில் ஒரு பெண் இருந்தால் போதும் என்று நம்பிய நம்மில் பலருக்கு அது கசப்பான பாடம்.

கொடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. 2021-இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் சரிபாதியாக, 117 இடங்களில் பெண்களை நிறுத்தியது. அந்தப் பெண்கள் மேடையேறினார்கள், தெருத்தெருவாகப் போனார்கள். அந்த அனுபவம் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் கட்சியின் ஆண், பெண் எவரும் வெல்லவில்லை. இழப்பதற்கு இடமில்லாத கட்சிக்குப் பாதி கொடுப்பது எளிது. வெல்லும் கட்சி, வெல்லும் தொகுதியில், ஏற்கெனவே ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கிறதா என்பதுதான் சோதனை. எம்.எஸ். கில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, தொகுதிகளை ஒதுக்குவதற்குப் பதிலாகக் கட்சிகள் குறிப்பிட்ட சதவீதம் பெண் வேட்பாளர்களை நிறுத்துவதைக் கட்டாயமாக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். தோற்கும் தொகுதிகளைப் பார்த்துப் பெண்கள் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் அன்றே அதை எதிர்த்ததன் காரணம் இதுதான்.

சரி, உள்வட்டத்திடமிருந்து பறித்து வாக்காளர்களிடமே கொடுத்துவிட்டால்? அமெரிக்கா அதைச் செய்து பார்த்த நாடு. 1968-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஹூபர்ட் ஹம்ஃப்ரி, வாக்காளர்கள் வாக்களிக்கும் பிரைமரி ஒன்றில்கூடப் போட்டியிடாமல், கட்சிப் பெரிய மனிதர்களின் ஆதரவால் வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அந்த அவமானத்துக்குப் பின் மெக்கவர்ன், ஃப்ரேசர் இருவர் தலைமையில் அமைந்த குழு விதிகளை மாற்றியது. வேட்பாளரை முடிவுசெய்யும் மாநாட்டுப் பிரதிநிதிகளில் பெண்கள் 1968-இல் 13 சதவீதம். 1972-இல் சுமார் 40 சதவீதம். அறைக்குள் யார் இருக்க வேண்டும் என்று விதி சொன்னதும், நான்கே ஆண்டுகளில் அறை மாறியது.

அதே 1972-இல் ஷெர்லி சிஷோம் போட்டியிட்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர். மாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை 152 வாக்குகள். கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் அவருடன் நிற்கவில்லை. பெண்ணியத் தலைவர்களிலும் பலர், வெல்லக்கூடியவர் பக்கம் போவதே புத்திசாலித்தனம் என்று கணக்குப் போட்டார்கள். கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதாலேயே தனக்கு அதிகத் தடைகள் வந்தன என்று அவர் பின்னாளில் சொன்னார். கதவு திறந்த பிறகும் 'வெற்றி வாய்ப்பு' வாசலில் நின்றது. இந்த முறை அந்தச் சொல்லை உச்சரித்தவர்களில் நம் தோழிகளும் இருந்தார்கள்.

பிறகு உள்வட்டம் திரும்பி வந்தது. 1982-இல் அந்தக் கட்சி, யாருடைய வாக்கும் பெறாமலே மாநாட்டில் வாக்களிக்கும் சூப்பர் டெலிகேட்டுகளை உருவாக்கியது. 2016-இல் ஹிலாரி கிளிண்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் இடையிலான போட்டியில் அது பெரிய புண்ணாயிற்று. கிளிண்டன் பிரைமரிகளில் அதிக வாக்குகள் பெற்றிருந்தும், உள்வட்டம் நிறுத்தியவர் என்ற பெயர் அவரை விடவில்லை. 2018-இல் அவர்களுடைய முதல் சுற்று வாக்குரிமை பறிக்கப்பட்டது. 2024-இல் ஜோ பைடன் ஜூலை 21 அன்று விலக, பதினைந்து நாட்களில் கமலா ஹாரிஸை மாநாட்டுப் பிரதிநிதிகள் வேட்பாளராக்கினார்கள். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி அர்ச்சனை செய்தோம். அங்கே பிரைமரியில் ஒரு வாக்கும் பெறாதவர் என்று எதிரணி கேலி செய்தது. உள்வழியாக வந்தால் நியமிக்கப்பட்டவள், வெளிவழியாக வந்தால் வெல்ல முடியாதவள். வழியை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கு அமெரிக்காவின் ஐம்பது ஆண்டுகள் சான்று. வாக்குச்சீட்டு திறந்தது, ஆனால் பிரைமரியில் நிற்கத் தேவைப்படும் பணமும், யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லும் வாய்களும் பழைய இடத்திலேயே இருந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பி படிவமே இல்லாத தேர்தல் நம் ஊரிலேயே நடக்கிறது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே உள்வட்டம் இல்லையா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. மனுத்தாக்கல் செய்யவே விடவில்லை. அல்லது ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஒருவர் வென்று உடனே ராஜினாமா செய்தார். மேலவளவில் துணிந்து நின்று வென்ற தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயிலடியில் ஏலம் விட்ட செய்தி ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் வருகிறது. அந்த ஏலத்தில் பெண்கள் ஏலம் கேட்டதாக நான் படித்ததில்லை. கட்சி விலகிய இடத்தில் சாதியும் குடும்பமும் உட்கார்ந்துகொள்கின்றன. கட்சிக்காவது ஒரு படிவம், ஒரு கையெழுத்து உண்டு. ஊர்க்கூட்டத்துக்கு அதுவும் இல்லை.

இந்தப் பின்னணியில் இடஒதுக்கீட்டைப் பார்ப்போம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிகளில் மூன்றில் ஓர் இடத்தைப் பெண்களுக்குத் தந்தன. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது. அது மாபெரும் மாற்றம். ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முதலாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது அதனால்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 21 மாநகராட்சிகளில் 11-இல் பெண்கள் மேயரானார்கள். சென்னைக்கு முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா வந்தார். 2011-இல் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டம் அதை மாற்றியது. 2022-இல் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாமன்ற உறுப்பினர்கள். யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பட்டியல் கட்சித் தலைமையிலிருந்து வந்தது. அப்போது சில நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் பதவியைத் தி.மு.க.வினரே போட்டியிட்டுப் பிடித்தபோது, ராஜினாமா செய்யுங்கள் என்று முதல்வர் உத்தரவிட வேண்டியிருந்தது. கூட்டணி தர்மத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் தேர்வு எங்கே நடக்கிறது என்பதை அந்த உத்தரவு ஒளிவுமறைவின்றிக் காட்டியது. அவசரச் சட்டம் பெண்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்குப் பாதி நாற்காலி கிடைத்த அந்தத் தேர்தலில், அந்த நாற்காலிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாக்காளரிடம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணும் தலைமை பெயர் சொல்லி வந்த ஒரு பெண்ணும் மாவட்டச் செயலாளர் முன்னால் ஒரே மாதிரி நிமிர்ந்து பேச முடியுமா?

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 106-ஆவது திருத்தத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஓர் இடம் பெண்களுக்கு. 1996-இல் முதல் மசோதா வந்ததிலிருந்து நாம் போராடிக் கேட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்னொன்றைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் சட்டம் எந்த இடத்தில் பெண் நிற்க வேண்டும் என்று சொல்கிறது. எந்தப் பெண் நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பது யார், எப்படி என்று சொல்லவில்லை. பி படிவம் அதே மேசையில், அதே அண்ணன்மார் கையில் இருக்கிறது. அன்று எண்கள் கூடும். ஆனால் "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்" என்ற கேள்வி முன்னைவிட முக்கியமான கேள்வியாகிவிடும். ஆண் வாரிசை வாரிசு என்றும் பெண் வாரிசைப் பினாமி என்றும் அழைத்துப் பழகிய நாம், அதற்கும் அந்தப் பெண்களையே திட்டுவோம்.

அப்படியானால் என்ன கேட்பது? இதற்கு ஒரு முன்மாதிரி எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு நிலுவையில் உள்ள ஒருவரைக் கட்சி நிறுத்தினால் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தது என்பதை 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கில்லாத வேறு ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றும் சொல்ல வேண்டும். தகுதியையும் சாதனையையும் காட்ட வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது. தேர்தல் ஆணையம் இதற்கென்று சி-7 என்ற படிவத்தையே வைத்திருக்கிறது. கட்சிகள் அதைச் சடங்காகத்தான் நிரப்புகின்றன. வழக்குகள் பொய் வழக்குகள், அவர் மக்கள் சேவகர் என்று எழுதுகின்றன. அது இருக்கட்டும். நான் கவனிப்பது அதன் தத்துவத்தை. கட்சியின் வேட்பாளர் தேர்வு கட்சியின் வீட்டு விவகாரமல்ல என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வெற்றி வாய்ப்பு என்ற ஒற்றைச் சொல் காரணமாகாது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறது. குற்ற வழக்குள்ள ஆணைச் சேர்த்ததற்குக் காரணம் எழுத வேண்டியிருக்கும்போது, இருபது வருடம் உழைத்த பெண்ணை விலக்கியதற்கு மட்டும் ஏன் ஒரு வரிகூட எழுத வேண்டாம்?

ஆகவே நம் கோரிக்கைகளில் எண்ணிக்கையோடு இவையும் சேர வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் விருப்ப மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்பதைக் கட்சி வெளியிட வேண்டும். நேர்காணல் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அறையை மாற்றியது ஒரு விதிதான், யாருடைய பெருந்தன்மையும் அல்ல. கட்சி கடந்த முறை வென்ற தொகுதிகளில் எத்தனை பெண்களுக்குக் கொடுத்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தொகுதியின் கட்சி உறுப்பினர்களுக்கு வேட்பாளர் தேர்வில் வாக்கு வேண்டும். அந்த வாக்குக்கு ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் பணத்திடமிருந்தும் பாதுகாப்பும் வேண்டும், இல்லையென்றால் அது இன்னொரு கோயிலடி ஏலம். இவை ஒன்றும் புரட்சியல்ல. கணக்குக் கேட்பது. சுயஉதவிக் குழுவில் ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்கு எழுதும் பெண்கள், தங்களை ஒதுக்கியதற்குக் கணக்குக் கேட்கக் கூடாதா?

அக்காவைச் சமீபத்தில் பார்த்தேன். விருப்ப மனு அறிவிப்பு வந்தால் மறுபடியும் போடுவீர்களா என்று கேட்டேன். போடுவேன் என்றார். ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கட்சி கொடுத்த காகிதம் எதுவும் அந்த உறையில் இல்லை. பணம் கட்டியதற்கான ரசீதுகள் மட்டும் மூன்று இருந்தன.